மார்மன் ஆலயச் சடங்குகளைத் திரையில் காட்டுவதற்கு எதிரான ஆட்சேபம் நியாயமானதா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில், அந்நாட்டில் தோன்றிய சமயப் பிரிவினரான மார்மன்களின் ஆலயச் சடங்குகள் காட்டப்படும்போதெல்லாம் அச்சமயத்தார் தங்கள் மனம் புண்பட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சடங்குகளின் விவரங்கள் இணையத்தில் தேடுகிற எவருக்கும் கிடைக்கின்றன. தொடர்களை எடுத்தவர்களும் தாங்கள் கேலி செய்யவில்லை, உள்ளது உள்ளபடியே மரியாதையோடு காட்டினோம் என்கிறார்கள். அப்படியிருக்க இந்த ஆட்சேபத்தில் என்ன நியாயம் இருக்கிறது, இது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரான போக்கு ஆகாதா என்பது கேள்வி.

ஆட்சேபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சற்றுப் பலவீனமானவை. "எங்களுக்குப் புனிதமானது, ஆகவே தொடாதீர்கள்" என்ற வாதம் ஒரு பன்மைச் சமூகத்தில் நெடுந்தூரம் செல்லாது. ஏனெனில் புனிதம் என்று எவரும் எதையும் அறிவித்துக்கொள்ளலாம். "தவறாகக் காட்டிவிட்டார்கள்" என்ற வாதமும் உதவாது. சரியாகக் காட்டியிருந்தால் ஆட்சேபம் நீங்கிவிடுமா என்று கேட்டால் நீங்காது என்பதே உண்மை. இந்த ஆட்சேபத்தின் வலு, ஆலயத்துக்குள் செல்பவர்கள் கொடுக்கும் வாக்குறுதியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அதிகம் பேசப்பட்ட 2009ஆம் ஆண்டு நிகழ்விலிருந்து தொடங்குவது நல்லது.

'பிக் லவ்' என்பது எச்.பி.ஓ. அலைவரிசையில் வெளிவந்த தொடர். யூட்டா மாநிலத்தில் மூன்று மனைவியரோடு, வெளியுலகுக்குத் தெரியாமல் குடும்பம் நடத்தும் ஒருவனின் கதை அது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது நாம் பொதுவாக மார்மன் சபை என்று குறிப்பிடும் பிரதான அமைப்பு, பலதார மணத்தைக் கைவிடுவதாக 1890இலேயே அறிவித்துவிட்டது. 1904இல் மீண்டும் ஓர் அறிவிப்பை வெளியிட்டு, அத்தகைய மணம் செய்வோரைச் சபையிலிருந்து நீக்கவும் தொடங்கியது. இன்று அவ்வழக்கத்தைத் தொடர்பவர்கள் தனித்தனிச் சிறு குழுக்களைச் சேர்ந்தவர்கள். தொடர் முதலில் வெளிவந்தபோது, இது உங்களைப் பற்றியதாக இருக்காது என்று தயாரிப்பாளர்கள் தமக்கு உறுதியளித்திருந்ததாகச் சபை பின்னர் நினைவுபடுத்தியது. ஆயினும் மூன்றாம் பருவத்தில் கதை சபைக்குள்ளேயே நுழைந்தது. பிரதான சபையின் மரபிலிருந்து வந்த முதல் மனைவி பார்ப், பலதார மணத்தில் வாழ்வது தெரியவந்ததால் சபை நீக்கத்தை எதிர்கொள்கிறாள். அதற்குமுன் கடைசியாக ஒருமுறை ஆலயத்துக்குள் போக வேண்டும் என்று அவள் ஏங்குகிறாள். 2009 மார்ச் 15 அன்று ஒளிபரப்பான பகுதியில், 'எண்டோமெண்ட்' என்னும் சடங்கின் ஒரு பகுதியும், அதற்கென்றே உள்ள உடைகளும், சடங்கு முடிந்தபின் மக்கள் அமைதியாக அமர்ந்து பிரார்த்திக்கும் அறையும் அரங்கமைத்து நடித்துக் காட்டப்பட்டன.

ஒளிபரப்புக்கு முன்பே பிரச்சினை தொடங்கிவிட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான பிரபல இதழான 'டிவி கைடு', பார்ப்பாக நடித்த நடிகை ஆலய உடையோடு தோன்றும் படத்தை வெளியிட்டது. சந்தாவை ரத்து செய்யுங்கள் என்ற மின்னஞ்சல்கள் உறுப்பினர்களிடையே சுற்றத் தொடங்கின. எச்.பி.ஓ. வருத்தம் தெரிவித்தது, அவமதிக்கும் நோக்கம் இல்லை, புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கோருகிறோம் என்றது, பிறகு காட்சியை அப்படியே ஒளிபரப்பியது. தொடரை உருவாக்கிய மார்க் ஓல்சனும் வில் ஷெஃபரும், சடங்கை முழுத் துல்லியத்தோடும் அதற்குரிய கண்ணியத்தோடும் காட்டப் பெரிதும் முயன்றதாகவும், ஆலய நடைமுறைகளை அறிந்த ஒருவரைக் கொண்டு நுணுக்கங்களைச் சரிபார்த்ததாகவும் விளக்கினார்கள். அந்த விளக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் உண்மையாகவே அப்படி நினைத்தார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த விளக்கம் ஆட்சேபத்துக்குப் பதிலாகவே அமையவில்லை என்பதைக் காண, ஆலயம் என்பது மார்மன்களுக்கு என்ன என்று பார்க்க வேண்டும்.

மார்மன்கள் ஞாயிறுதோறும் கூடும் வழிபாட்டு இல்லங்களுக்குள் எவரும் போகலாம். வரவேற்று உட்கார வைப்பார்கள். ஆலயம் அதிலிருந்து முற்றிலும் வேறானது. உலகெங்கும் 1.7 கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள இந்தச் சபைக்கு 200க்கும் மேற்பட்ட ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற சால்ட் லேக் ஆலயத்தைக் கட்டி முடிக்க 1853 முதல் 1893 வரை 40 ஆண்டுகள் ஆயின. புதிதாகக் கட்டப்படும் ஒவ்வோர் ஆலயமும் அர்ப்பணிக்கப்படுவதற்குமுன் சில வாரங்கள் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துவைக்கப்படுகிறது. எந்தச் சமயத்தவரும் எல்லா முக்கிய அறைகளையும் நடந்து பார்க்கலாம். அர்ப்பணிக்கப்பட்டபின் தகுதிச் சீட்டு பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே உள்ளே போக முடியும்.

அந்தச் சீட்டு எளிதில் கிடைப்பதில்லை. உறுப்பினர் முதலில் தம் உள்ளூர் ஆயரிடமும், பிறகு அவருக்கு மேல்நிலையில் உள்ள தலைவரிடமும் தனித்தனியாக நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். கடவுள் நம்பிக்கை, மண வாழ்வில் உண்மை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகச் செலுத்துதல், பிறரோடு நடந்துகொள்வதில் நேர்மை, மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றைத் தவிர்த்தல் என்று கேள்விகள் வரிசையாக வரும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதையெல்லாம் மீண்டும் கடந்தாக வேண்டும். ஆலயத்தின் நுழைவில் ஒரு மேசை இருக்கும். அங்கே அமர்ந்திருக்கும் முதியவர் சீட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தருவார். அதன்பின் வெளியுடைகளைக் களைந்து வெண்ணிற உடைக்கு மாற வேண்டும். பணக்காரரும் ஏழையும் அங்கே ஒரே நிறத்தில்தான் அமர்கிறார்கள். பெரும்பாலோருக்கு இது வாழ்வில் முதன்முறையாக நிகழ்வது, சமய ஊழியத்துக்காக வீட்டைவிட்டுப் புறப்படும்போதோ திருமணத்துக்கு முன்னரோதான்.

எண்டோமெண்ட் சடங்கை, சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1842 மே மாதத்தில் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில், ஒரு கடையின் மாடி அறையில், சிறு குழுவொன்றுக்கு முதன்முதலில் நடத்தினார். படைப்பு, ஆதாம் ஏவாளின் கதை, மனிதன் கடவுளிடம் திரும்பும் வழி ஆகியவை அதில் போதிக்கப்படுகின்றன. பங்கேற்பவர்கள் கீழ்ப்படிதல், தியாகம், கற்பொழுக்கம் முதலிய உடன்படிக்கைகளைச் செய்கிறார்கள்; அவற்றின் பட்டியலைச் சபையே இப்போது வெளிப்படையாகத் தருகிறது. ஆனால் சடங்கின் சில பகுதிகளை ஆலயத்துக்கு வெளியே யாரிடமும் சொல்வதில்லை என்றும் அவர்கள் வாக்களிக்கிறார்கள். இந்த வாக்கு மனிதரிடம் கொடுப்பதன்று, கடவுளிடம் கொடுப்பது. ஆகவே தாய் தன் மகளிடம்கூட, அவளுடைய நாள் வரும்வரை அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. ஆலயத்தில் ஒரே சடங்கில் பங்கேற்ற கணவனும் மனைவியும் வீடு திரும்பும் வழியில் அவற்றைப் பேசிக்கொள்வதில்லை.

இங்குதான் ஆட்சேபத்தின் வேர் இருக்கிறது. ஒரு தொடர் இந்தப் பகுதிகளைத் திரையில் காட்டும்போது, நம்பிக்கையுள்ள மார்மன் ஒருவரால் அதற்கு எந்தப் பதிலும் சொல்ல முடிவதில்லை. காட்டியது தவறென்றால், எது தவறு என்று சுட்டிக்காட்ட அவர் தாம் மறைப்பதாக வாக்களித்ததை வெளியிட வேண்டும். காட்டியது சரியென்றால், ஆம் என்று ஒப்புக்கொள்வதே வாக்கு மீறல். பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் வந்து, "நேற்றுத் தொலைக்காட்சியில் பார்த்தேன், அது உண்மையா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்டாலும் அவர் மௌனமாகவே நிற்க வேண்டியிருக்கிறது, அந்த மௌனம் கேட்டவரின் கண்ணுக்கு ஏதோ குற்றத்தை ஒளிப்பதுபோலத் தெரிகிறது. மற்றச் சமயங்களைப் பற்றிய படங்களில் பிழை இருந்தால் அச்சமயத்தார் எழுந்து நின்று திருத்தலாம், விவாதிக்கலாம், தங்கள் நூல்களிலிருந்து மேற்கோள் காட்டலாம். இங்கே ஒரு தரப்பின் வாய், அதன் சொந்த மனச்சாட்சியால் கட்டப்பட்டிருக்கிறது. அதை நன்கு அறிந்துகொண்டே மறுதரப்பு பேசுகிறது. இதை நேர்மையான உரையாடல் என்று என்னால் கருத முடியவில்லை.

துல்லியம் பற்றிய வாதம் ஏன் பதிலாகாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். துல்லியத்தை மரியாதையின் அடையாளமாகத் தயாரிப்பாளர்கள் முன்வைத்தார்கள். பிற எல்லாவற்றிலும் அது சரியான அளவுகோல். ஒரு சமயத்தாரின் உணவை, திருமணத்தை, துக்கத்தைக் காட்டும்போது துல்லியமாக இருப்பதுதான் மரியாதை. ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்று வாக்களிக்கப்பட்ட ஒன்றில், துல்லியம் கூடக் கூட மீறலும் கூடுகிறது. மேலும் அந்த விவரங்களைச் சரிபார்த்துக் கொடுத்தவர், ஒருகாலத்தில் அதே வாக்கைக் கொடுத்திருந்தால்தான் அவற்றை நேரில் அறிந்திருக்க முடியும். பிறர் தந்த வாக்கின் முறிவை ஒரு நிறுவனம் பணம் கொடுத்துப் பயன்படுத்திக்கொள்வது சட்டப்படி குற்றமாகாமல் இருக்கலாம். அதைக் கண்ணியம் என்று அழைப்பதை ஏற்க இயலாது.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்ற வாதத்தை இன்னும் சற்று நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது உண்மை. இணையம் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே, 1840களிலிருந்தே, சபையைவிட்டு வெளியேறியவர்கள் இச்சடங்கைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1904 முதல் 1907 வரை, யூட்டாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மார்மன் தலைவர் ரீட் ஸ்மூட் என்பவரைச் செனட் உறுப்பினராக ஏற்கலாமா என்று விசாரணை நடந்தபோது, ஆலயத்தில் எடுக்கப்படும் உறுதிமொழிகளைப் பற்றிச் சாட்சிகளிடம் அமெரிக்கத் தலைநகரிலேயே கேள்விகள் கேட்கப்பட்டன. எனவே எவரும் அறியாத மர்மம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவரின் கடிதம் காற்றில் பறந்து தெருவில் கிடக்கிறது என்பதாலேயே அதை மேடையேறி உரக்க வாசிக்கும் உரிமை வந்துவிடாது. தேடிப் போய்ப் படிப்பவர் தம் அறிவுக்காகப் படிக்கிறார். தொடரோ அதே செய்திக்கு முகமும் உடையும் இசையும் கொடுத்து, லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்கு முன்னோட்டப் படங்களை வெளியிட்டு விளம்பரமும் தேடிக்கொள்கிறது. என்னைக் கேட்டால், அந்த ஒளிபரப்பைவிட டிவி கைடு இதழில் வந்த படமே மோசமானது. கதையில் பார்ப்பின் இழப்பைச் சொல்ல அந்தக் காட்சி தேவைப்பட்டது என்று வாதிடவாவது இடமுண்டு. இதழில் வந்த படத்துக்கு அத்தகைய எந்தத் தேவையும் இருக்கவில்லை. காணக் கிடைக்காததைக் காட்டுகிறோம் என்ற அழைப்பு மட்டுமே அதில் இருந்தது.

காலச் சூழலையும் மறக்கக் கூடாது. 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்த வாக்கெடுப்புக்குச் சபை உறுப்பினர்கள் பெருமளவில் பணமும் உழைப்பும் தந்திருந்தார்கள். அதனால் சபைமீது கடும் கோபம் நிலவியது. அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்த அரசியலை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விமர்சித்திருக்கலாம், பலர் விமர்சித்தார்கள். ஆனால் நான்கு மாதங்கள் கழித்து ஆலயச் சடங்கு திரைக்கு வந்தபோது, அரசியல் பகைக்குப் பழிவாங்கத் தங்கள் வழிபாட்டின் உள்ளறையைத் திறந்துவிட்டார்கள் என்று பல மார்மன்கள் உணர்ந்ததில் வியப்பில்லை. எடுத்தவர்களின் நோக்கம் அதுவென்று நான் சொல்லமாட்டேன். காட்சி எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி, இந்த ஆட்சேபத்துக்கு எதிரான மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். அது கருத்துச் சுதந்திரம் அன்று. சபையைவிட்டு வெளியேறியவர்களின் உரிமை. அந்தச் சடங்கு அவர்களுடைய நினைவும்கூட. இருபது வயதில் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் உள்ளே அழைத்துச் செல்லப்பட்டு, உற்றார் உறவினர் சூழ்ந்திருக்க, மறுக்க வழியில்லாத நிலையில் வாக்குக் கொடுத்தோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வாழ்நாள் முழுவதும் வாய்திறக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களும், உள்ளேயே இருந்துகொண்டு மனம் வருந்தியவர்களும் பேசியதில் நன்மை விளைந்திருக்கிறது என்றும் கருதுகிறேன். சடங்கை வெளியிடுபவருக்கு நேரும் தண்டனையை உடல் அசைவுகளால் குறிக்கும் பகுதி முன்பு அதில் இருந்தது. 1990இல் சபை அதை நீக்கியது. பெண்கள் தொடர்பான வாசகங்கள் பலரைப் பல்லாண்டுகளாக வருத்திவந்தன; 2019 ஜனவரியில் அவையும் மாற்றப்பட்டன. எல்லோரும் முழு மௌனம் காத்திருந்தால் இம்மாற்றங்கள் அவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் தன் அனுபவத்தைச் சொல்வதற்கும், சடங்கின் அடையாளங்களையும் சொற்களையும் உடைகளையும் அரங்கேற்றுவதற்கும் இடையே வேறுபாடு இருக்கிறது. "அந்த வாக்குறுதி என்னை எப்படி ஒடுக்கியது" என்று ஒரு பெண் எழுதும்போது அவர் தம் வாழ்வைச் சொல்கிறார். அதற்கு ஒவ்வொரு சைகையையும் செய்துகாட்ட வேண்டிய தேவை இல்லை. சாட்சியம் சொல்பவர் தம் பெயரோடு, தம் இழப்போடு முன்வருகிறார். அரங்கேற்றுகிற நிறுவனம் எதையும் இழப்பதில்லை.

2022இல் இந்தக் கோடு மேலும் மெலிந்தது. யூட்டாவின் அமெரிக்கன் ஃபோர்க் என்னும் ஊரில் 1984 ஜூலை 24 அன்று ஓர் இளம் தாயும் அவருடைய 15 மாதப் பெண் குழந்தையும், கணவரின் உடன்பிறந்தவர்களாலேயே கொல்லப்பட்டனர். கொலைகாரர்கள் தங்களுக்குத் தெய்வ கட்டளை வந்ததாகச் சொன்னார்கள். அந்த நிகழ்வை வைத்து எடுக்கப்பட்ட 'அண்டர் தி பேனர் ஆஃப் ஹெவன்' என்ற குறுந்தொடர் 2022 ஏப்ரல் இறுதியில் வெளியாயிற்று. அதை உருவாக்கிய டஸ்டின் லான்ஸ் பிளாக் மார்மன் குடும்பத்தில் வளர்ந்தவர். 'பிக் லவ்' தொடரிலும் எழுத்தாளராக இருந்தவர். இதிலும் ஆலயச் சடங்கு, அந்தக் காலத்து வடிவில், இடம்பெற்றது. சமயத்துக்குள் பெண்கள் கட்டுப்படுத்தப்பட்டதற்கும் இந்த வன்முறைக்கும் தொடர்புண்டு என்பது தொடரின் வாதம். அந்த வாதத்தை முன்வைக்க ஒரு படைப்பாளிக்கு முழு உரிமை உண்டு. எனினும் கொலை செய்தவர்கள் அதற்கு முன்பே சபையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். இலட்சக்கணக்கானோர் அமைதி தேடிச் செல்லும் ஒரு சடங்கின் காட்சி இந்தக் கொலைக்கதையின் நடுவே வைக்கப்படும்போது, பார்வையாளர் மனத்தில் விழும் முடிச்சை அவிழ்க்க, உண்மையில் அச்சடங்கை அறிந்தவர்களால் பேச முடியாது. இங்கும் அதே அநீதிதான், இம்முறை கூடுதல் சுமையோடு. ஏறத்தாழ அதே வாரத்தில், நான்காண்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு வாஷிங்டன் ஆலயத்தைச் சபை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைத்திருந்தது. அறைகளை நேரில் பார்க்க விரும்பியவருக்கு வாசல் திறந்தே இருந்தது.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் இத்தகைய காட்சியைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. சமய நிந்தனை என்ற காரணத்தால் ஒரு திரைப்படத்தைத் தடைசெய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1952இல் பர்ஸ்டின் எதிர் வில்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். அரசாங்கம் புனிதத்தின் காவலராக மாறினால் முதலில் நசுக்கப்படுபவர்கள் மார்மன்களைப் போன்ற சிறுபான்மையினர்தான். 19ஆம் நூற்றாண்டில் அரசின் கையால் அவர்கள் பட்டதே போதிய சான்று. ஆனால் வேறொரு நாட்டின் வழக்கு, இந்தப் பிரச்சினையின் உண்மையான இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜாரா பழங்குடி மூத்தவர்கள், தங்கள் மறைவான சடங்குச் செய்திகளை மௌண்ட்ஃபோர்டு என்ற ஆய்வாளரிடம் 1940இல் நம்பிக்கையின் பேரில் பகிர்ந்தார்கள். பல்லாண்டுகளுக்குப் பிறகு அவர் அவற்றை நூலாக வெளியிட்டபோது அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1976இல் வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றம் அங்கே அந்நூலின் விற்பனைக்குத் தடை விதித்தது. கடவுளை நிந்தித்தார் என்பது அங்கே குற்றச்சாட்டு அன்று. நம்பிக்கையில் சொன்னதை வெளியிட்டார் என்பதே வழக்கு. மார்மன் ஆட்சேபத்தையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் அது நீதிமன்றத்தில் நிற்காது என்பது வேறு விஷயம். அறத்தின் தளத்தில் நிற்கிறது.

சபையின் எதிர்வினையைப் பார்த்தால், கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்ற குற்றச்சாட்டு எவ்வளவு பொருந்தாதது என்பது தெரியும். இவ்விதச் சோதனை அவர்களுக்குப் புதிதன்று. 1911இல் கிஸ்பர்ட் போஸார்ட் என்பவர் சால்ட் லேக் ஆலயத்துக்குள் ரகசியமாகப் புகுந்து உள்ளறைகளைப் படமெடுத்தார். அவருடைய கூட்டாளி, பெருந்தொகை தராவிட்டால் படங்களைப் பொதுவில் காட்டப்போவதாகச் சபையை அணுகினார். திருட்டுச் சரக்கு விற்பவர்களோடு பேரமில்லை என்ற பொருளில் அன்றைய தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் மறுத்துவிட்டார். அதோடு நிற்காமல், உள்ளறைகளைத் தாங்களே நல்ல முறையில் படமெடுக்கச் செய்து, ஜேம்ஸ் டால்மேஜ் என்ற அறிஞரைக் கொண்டு விளக்கம் எழுதவைத்து 1912இல் நூலாகவே வெளியிட்டார்கள். திருடப்பட்ட படங்களின் விலை அத்தோடு சரிந்தது. சொல்லத் தக்கதைத் தாங்களே சொல்லி, சொல்லத் தகாததை மட்டும் காத்துக்கொண்ட அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

2009 மார்ச் 9 அன்று வெளியிட்ட அறிக்கையிலும் அதே நிதானம் தெரிகிறது. தங்கள் மிகப் புனிதமான வழக்கங்கள் திரித்தோ சூழலின்றியோ காட்டப்படும்போது உறுப்பினர்கள் புண்படுவது இயல்பு என்று சொன்ன சபை, ஓர் அமைப்பாகத் தான் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுக்கவில்லை என்றும், அப்படிச் செய்வது ஊடகங்கள் விரும்பும் பரபரப்பை உண்டாக்கித் தொடரைப் பார்ப்போரின் எண்ணிக்கையையே கூட்டும் என்றும் கூறியது. தனிநபர்கள் தங்கள் விருப்பப்படி முடிவெடுக்கலாம் என்று விட்டுவிட்டது. தெருவில் இறங்கிக் கல்லெறிந்தவர் எவரும் இல்லை, தடை கோரி வழக்கும் இல்லை. 2011இல் பிராட்வேயில் அவர்களுடைய வேத நூலின் பெயரையே வைத்து ஒரு நையாண்டி இசை நாடகம் வந்து வெற்றி பெற்றபோது, அதன் நிகழ்ச்சி இதழிலேயே பிற்பாடு விளம்பரம் கொடுத்து, மூல நூலைப் படித்துப் பாருங்கள் என்றார்கள்.

2014 அக்டோபரில் அவர்கள் செய்தது இன்னும் குறிப்பிடத்தக்கது. ஆலயத்தில் எண்டோமெண்ட் பெற்றவர்கள் அன்றாடம் அணியும் உள்ளுடை நெடுங்காலமாகக் கேலிக்கு இலக்காகிவந்தது. 2012இல் மார்மனான மிட் ராம்னி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது அந்தக் கேலி உச்சத்தைத் தொட்டது. சபை நான்கு நிமிட அளவிலான காணொளியொன்றை வெளியிட்டு, அந்த உள்ளுடையையும் ஆலய உடைகளையும் ஒரு மேசைமீது விரித்துக் காட்டியது. கன்னியாஸ்திரியின் அங்கி, யூதரின் பிரார்த்தனைச் சால்வை, முஸ்லிமின் தொப்பி, பௌத்தத் துறவியின் காவி ஆகியவற்றைப் போன்றதே இதுவும் என்று விளக்கி, கேலிப் பெயரைத் தவிர்க்குமாறு ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. அதே உடைதான் ஐந்தாண்டுகளுக்கு முன் நாடகத்தில் காட்டப்பட்டபோது புண்படுத்தியது. உடைக்குரியவர்கள் தாங்களாக, தங்கள் விளக்கத்தோடு காட்டுவதையும், அவர்கள் வேண்டாம் என்று சொன்னதை மற்றவர் எடுத்துக் காட்டுவதையும் ஒன்றாக எண்ண முடியாது.

இத்தனையும் சொன்னபின், ஆட்சேபத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். புனிதம் என்ற திரையின் பின்னே சபையின் நிதி, வரலாறு, தலைவர்களின் நடத்தை, குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை எதுவும் ஒளிந்துகொள்ள இடமில்லை. 1857இல் மௌண்டன் மெடோஸ் என்ற இடத்தில் மார்மன் ஊர்க்காவல் படையினர் பயணக் குழுவொன்றைச் சேர்ந்த சுமார் 120 பேரைக் கொன்றார்கள். அதைப் பற்றிப் படமெடுப்பதை ஆட்சேபிக்க எவருக்கும் உரிமையில்லை, சபையும் 2007இல் அந்நிகழ்வுக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. அதேபோல, தாங்கள் எதிர்பார்க்கும் மரியாதையை மார்மன்கள் பிறருக்கும் தர வேண்டியிருந்தது. இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் அவர்களிடம் உண்டு. நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்ட யூதர்களின் பெயர்களிலும் அது செய்யப்பட்டது தெரியவந்தபோது யூத அமைப்புகள் கொதித்தெழுந்தன. 1995இல் சபை அதை நிறுத்த உடன்பட்டது. பின்னரும் மீறல்கள் நடந்து, 2012இல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. தங்கள் பார்வையில் அன்பின் செயலாக இருந்த ஒன்று, மற்றவர்களின் மிக ஆழமான காயத்தைத் தொட்டது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 'நல்லெண்ணத்தோடுதான் செய்தோம்' என்பது அங்கே போதுமான பதிலாகவில்லை. எச்.பி.ஓ.வுக்கும் அதே அளவுகோல்தான்.

அப்படியானால் ஆலயத்தைப் பற்றி எதையுமே படைப்பாளிகள் காட்டக் கூடாதா என்று கேட்டால், காட்டுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஆயரின் அறையில் மூடிய கதவுக்குப் பின்னே நடக்கும் நேர்காணல், அங்கே பொய் சொல்வதா உண்மை சொல்லி இழப்பதா என்று தவிக்கும் ஒருவர், நுழைவு மேசையில் சீட்டை நீட்டும் கை, தன் மகளின் ஆலயத் திருமணத்தின்போது சீட்டு இல்லாததால் வெளியே காத்திருக்கும் தந்தை, காலாவதியான சீட்டைப் பணப்பையிலிருந்து எறிய மனமில்லாத பெண் என எத்தனையோ காட்சிகள் எவருடைய வாக்கையும் மீறாமல் எழுதத் தக்கவை. பார்ப்பின் கதையிலேயே, மனத்தை உலுக்கும் பகுதி அவள் இழக்கப்போவதை எண்ணி அழுவதுதான். அதற்கு அவள் முகம் போதுமானதாக இருந்தது. ஆலயக் கதவு வரை கேமரா அவளோடு போய், அங்கே நின்று, அவள் திரும்பி வரும்போது மீண்டும் அவளைப் பார்த்திருந்தால், அந்தப் பகுதியைத் தங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்த மார்மன்களும் அவளுக்காக அழுதிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.